போகும்போது சொல்லப்படாத சட்டம்

"இரண்டு வருடம் இருந்து பார்ப்போம். சரிவராவிட்டால் பிள்ளையோடு திரும்பி வந்துவிடலாம்."

வேற்று நாட்டவரை மணந்து, குழந்தையும் பிறந்த பின்னர் துணைவரின் தாய்நாட்டிற்குக் குடிபெயரத் தயாராகும் குடும்பங்களில் இந்த வாக்கியம் சொல்லப்படாமல் இருப்பதில்லை. கணவர் சொல்வார். மாமனார் மாமியார் சொல்வர். பெண்ணைப் பெற்றவர்களும் மனதைத் தேற்றிக்கொள்வதற்காக அதையே சொல்லிக்கொள்வர். பல தசாப்தங்கள் பத்திரிகைத் தொழிலில் இருந்து, எத்தனையோ குடும்பங்களின் கதைகளைக் கேட்டும் எழுதியும் வந்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்: இந்த வாக்கியத்தின் முற்பாதி உண்மையாக இருக்கலாம். பிற்பாதி பெரும்பாலும் உண்மையன்று. அந்தப் பிற்பாதியை நம்பி விமானம் ஏறிய தாய்மார்தாம் பின்னர் நீதிமன்றப் பத்திரங்களில் 'பிள்ளையைக் கடத்தியவர்' என்று குறிப்பிடப்படுகின்றனர்.

'கடத்தியவர்' என்ற சொல்லை மிகைப்படுத்துவதற்காக நான் பயன்படுத்தவில்லை. சட்டமே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. 1980 ஒக்டோபர் 25 ஆம் திகதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவாக்கப்பட்டு, 1983 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச சிறுவர் கடத்தலின் குடியியல் அம்சங்கள் பற்றிய சமவாயத்தில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்திருக்கின்றன. அதன் சாரம் இதுதான். பதினாறு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை எந்த நாட்டில் வழமையாக வசித்து வருகிறதோ, அந்த நாட்டிலிருந்து மற்றைய பெற்றோரின் பராமரிப்பு உரிமையை மீறி அப்பிள்ளையை வெளியே கொண்டுசெல்வது, அல்லது விடுமுறைக்கென்று கொண்டுசென்று திருப்பி அனுப்பாமல் வைத்திருப்பது, சட்டவிரோதம். ஓராண்டுக்குள் முறைப்பாடு செய்யப்பட்டால், குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் தவிர, பிள்ளையை உடனே திருப்பி அனுப்புமாறு நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். பிள்ளை யாருடன் வளர்வது நல்லது என்ற கேள்வியை அந்த நீதிமன்றம் தொடவே கூடாது. அது பிள்ளையின் 'வழமையான வதிவிட' நாட்டு நீதிமன்றத்தின் வேலை.

இந்த 'வழமையான வதிவிடம்' என்ற இரண்டு சொற்களில்தான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. அதற்குச் சமவாயம் வரைவிலக்கணம் எதுவும் கொடுக்கவில்லை. இத்தனை மாதம் வாழ்ந்தால் வதிவிடம் என்ற கணக்கும் இல்லை. பிள்ளையின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதும் விடயத்தைத் தீர்மானிப்பதில்லை. பெற்றோர் இருவரும் சம்மதித்துப் பிள்ளையோடு ஒரு நாட்டிற்குச் சென்று, வீடெடுத்து, பாடசாலையில் சேர்த்து, வைத்தியரிடம் பதிந்து வாழத் தொடங்கிவிட்டால், சில மாதங்களிலேயே அந்த நாடு பிள்ளையின் வழமையான வதிவிடமாகிவிடக் கூடும். நீங்கள் மனதுக்குள் 'இரண்டு வருடப் பரீட்சை' என்று வைத்திருந்தது நீதிபதிக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது பல காரணிகளில் ஒன்று மட்டுமே. கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. நீங்கள் நாளைக்கே திரும்பலாம். பிள்ளைக்கு மட்டும் அது மூடப்பட்டுவிட்டது. பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் தாய் எத்தனை பேர்?

இதை விளங்கிக்கொள்ள இத்தாலியின் மிலான் நகரில் தொடங்கிய ஒரு வழக்கைப் பார்ப்போம். அமெரிக்கப் பெண் ஒருவர் இத்தாலியர் ஒருவரை 2011 இல் அமெரிக்காவில் மணந்தார். 2013 இல் இருவரும் இத்தாலி சென்றனர். அங்கே அவருக்கு மொழி கைகூடவில்லை. வாகனம் ஓட்டுவதற்குச் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமும் இல்லை. கணவர் தம்மை அடித்தார் என்று அவர் கூறினார். 2015 பெப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. சில வாரங்களில் அவர் பொலிஸாரை நாடி, பாதுகாப்பு இல்லம் ஒன்றில் தங்கி, ஏப்ரல் மாதத்தில் இரண்டே மாதக் குழந்தையோடு ஒஹாயோவில் இருந்த தம் பெற்றோரிடம் சென்றுவிட்டார். கணவர் ஹேக் சமவாயத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். பிள்ளையை இத்தாலிக்கு அனுப்புமாறு அமெரிக்க நீதிமன்றமே 2016 இல் உத்தரவிட்டது. பிள்ளை அனுப்பப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 பெப்ரவரி 25 ஆம் திகதி நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பேர்க் எழுதிய தீர்ப்பு, பிள்ளையை அந்த நாட்டில் வளர்ப்பது என்று பெற்றோர் இருவரும் உடன்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை, சூழ்நிலை முழுவதையும் வைத்தே வழமையான வதிவிடம் தீர்மானிக்கப்படும் என்று கூறி, கீழ் நீதிமன்றத்தின் முடிவை உறுதிப்படுத்தியது.

ஒரு தாய், தன் சொந்த நாட்டு நீதிமன்றத்தில், தன் தாய்மொழியில், தான் பெற்ற இரண்டு மாதக் குழந்தைக்காக வழக்காடித் தோற்றார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உலகின் மிக வலுவான கடவுச்சீட்டுகளில் ஒன்று அவர் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ செல்லும் ஒரு தாயின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய கதை என்றதும் பலருக்கு ஈரான் நினைவுக்கு வரும். பெற்றி மஹ்மூதி என்ற அமெரிக்கப் பெண் 1984 இல் ஈரானியக் கணவருடனும் மகளுடனும் இரண்டு வார விடுமுறை என்று தெஹ்ரான் சென்று, திரும்பவிடப்படாமல் சிக்கி, 1986 இல் மகளுடன் துருக்கிக்குத் தப்பி வந்ததை எழுதிய நூல் 1987 இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையானது. பின்னர் திரைப்படமாகவும் வந்தது. அதைப் படித்தவர்களும் பார்த்தவர்களும் ஆபத்து என்பது ஏதோ ஒரு மதத்திற்கும் ஒரு பிராந்தியத்திற்கும் உரியது என்று நினைத்துக்கொண்டனர். இதுதான் மிகப் பெரிய மயக்கம். மிலானிலும் மெல்பேர்ணிலும் மான்செஸ்டரிலும் இதே கதவு, இதைவிட நாகரிகமாக, முத்திரையிட்ட நீதிமன்ற உத்தரவோடு மூடப்படுகிறது. அங்கே எவரும் கடவுச்சீட்டைப் பிடுங்கி ஒளித்துவைக்க வேண்டியதில்லை. சட்டமே போதும்.

இங்கே நான் நியாயமாகப் பேச வேண்டும். இந்தச் சமவாயம் தீய நோக்கத்தோடு எழுதப்பட்டதன்று. 1970களில் அதை வரைந்தவர்களின் மனதில் இருந்த சித்திரம் வேறு. விவாகரத்து வழக்கில் தோற்ற தந்தை, தாயிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையைப் பாடசாலை வாசலில் இருந்து தூக்கிக்கொண்டு நாடு கடந்து மறைந்துவிடுவார். தாய் எந்த நாட்டில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பார். அந்தத் தாய்க்கு உதவவே சமவாயம் எழுந்தது. இன்றும் அப்படிப்பட்ட வழக்குகள் உண்டு. ஒரு மாலை வேலையால் வந்து வெறும் வீட்டையும் வெறும் தொட்டிலையும் பார்க்கும் தந்தையின் வேதனையும் வேதனைதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கே பிள்ளை சொந்தம் என்ற காட்டுச் சட்டத்தை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

ஆனால் சித்திரம் மாறிவிட்டது. சமவாயத்தின் கீழ் வந்த விண்ணப்பங்களைப் பற்றிய உலகளாவிய ஆய்வின்படி, பிள்ளையைக் கொண்டுசென்றவர்களுள் தாய்மார் 2015 இல் 73 சதவீதம், 2021 இல் 75 சதவீதம். நான்கில் மூன்று 'கடத்தல்காரர்' தாய்மார் என்றால், கடத்தல் என்ற சொல்லே பிழையான இடத்தில் நிற்கிறது என்பது விளங்கவில்லையா? இவர்களுட் பலர் எங்கோ தெரியாத தேசத்தில் மறைந்துகொள்பவர்கள் அல்லர். அம்மா வீட்டுக்குத் திரும்பியவர்கள். விலாசம் எல்லோருக்கும் தெரியும். எல்லா விண்ணப்பங்களிலும் பிள்ளை திருப்பி அனுப்பப்படுவதில்லை என்பதும் உண்மையே. 2021 இல் விண்ணப்பங்களில் 39 சதவீதத்திலேயே பிள்ளை திரும்பியது. ஆறு வாரத்தில் முடிய வேண்டும் என்று சமவாயம் எதிர்பார்க்கும் வழக்கு, அவ்வாண்டில் சராசரியாக 207 நாட்கள் எடுத்தது. அந்த 207 நாட்களும் ஒரு பிள்ளை எந்த வீட்டில், எந்த மொழியில் நாளை விழித்தெழும் என்று தெரியாமல் வாழ்ந்த நாட்கள்.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. திருப்பி அனுப்பினால் பிள்ளைக்கு உடல் ரீதியாகவோ உள ரீதியாகவோ பாரதூரமான ஆபத்து நேரும் என்று நிரூபித்தால் நீதிமன்றம் மறுக்கலாம் என்று 13 ஆம் உறுப்புரை கூறுகிறது. தாய் மீதான வன்முறை பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அடி விழுந்தது தாய்க்குத்தானே, பிள்ளைக்கு அல்லவே என்ற வாதம் நீதிமன்றங்களில் பல காலம் எடுபட்டது. மேலே சொன்ன வழக்கிலும் அதுதான் நடந்தது. மிலானோடு தொடர்புடைய இன்னொரு வழக்கில், தந்தையின் வன்முறையால் பிள்ளைக்குப் பாரதூரமான ஆபத்து உண்டு என்று கண்டறிந்த பின்னரும், பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்து பிள்ளையை அனுப்பலாம் என்று கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவ்வாறு சாத்தியமான எல்லா ஏற்பாடுகளையும் தேடிப் பார்க்க வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்திற்கு இல்லை என்று சொல்ல, 2022 ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. அவுஸ்திரேலியா 2022 டிசம்பரில் தன் ஒழுங்குவிதிகளைத் திருத்தி, குடும்ப வன்முறையை நீதிமன்றம் கருத்திற் கொள்ளலாம் என்று வெளிப்படையாக எழுதியது. 2024 ஜூன் மாதத்தில் தென்னாபிரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கென்றே ஒரு சர்வதேச மாநாடு கூடியது. சமவாயம் நடைமுறைக்கு வந்து நாற்பது ஆண்டுகள் கழித்து!

நீதிமன்ற வாசலிலும் சமத்துவம் இல்லை. இங்கிலாந்தில், சமவாயத்தின் கீழ்ப் பிள்ளையைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு வருமானம், சொத்து எதையும் பாராமல் அரச செலவில் சட்ட உதவி கிடைக்கிறது. பிள்ளையோடு வந்து எதிர்த்தரப்பில் நிற்பவரோ, தமது வருமானத்தையும் வழக்கின் வலுவையும் காட்டித் தகுதி பெற வேண்டும். ஒருவருக்குத் திறந்த கதவு, மற்றவருக்கு விண்ணப்பப் படிவம். இதற்குப் பெயர் நீதி என்றால் அநீதிக்கு என்ன பெயர் வைப்பது?

தாய்மாரை மட்டுமே குறிப்பிடுகிறேன் என்று எவரும் குறை சொல்லக் கூடாது. ஜப்பானியப் பெண்களை மணந்து அந்த நாட்டில் குடியேறிய வெளிநாட்டுத் தந்தையரின் துயரம் தனிக்கதை. விவாகரத்தின் பின்னர் பிள்ளை மீதான அதிகாரம் பெற்றோரில் ஒருவருக்கு மட்டுமே என்பதுதான் ஜப்பானியக் குடியியற் சட்டத்தின் நீண்டகால விதி. ஜப்பான் 2014 ஏப்ரல் 1 ஆம் திகதிதான் ஹேக் சமவாயத்திற்குள் வந்தது. அதுவும் பிள்ளை நாட்டின் எல்லையைக் கடந்தால் மட்டுமே பயன்படும். டோக்கியோவில் இருந்து ஒசாக்காவிற்குப் பிள்ளையைக் கொண்டுபோனால் ஹேக் சமவாயம் எட்டிப் பார்க்காது. கூட்டுப் பராமரிப்புக்கு இடமளிக்கும் திருத்தத்தை ஜப்பானியப் பாராளுமன்றம் 2024 மே மாதத்தில்தான் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது 2026 ஏப்ரல் 1. அதற்கு முன்னர் பிள்ளையை இழந்த தந்தையரும் தாய்மாரும் இழந்த ஆண்டுகளைத் திருத்தச் சட்டம் எதுவும் மீட்டுத் தராது. ஆக, இது ஆண், பெண் என்ற சண்டையன்று. பிறந்த மண்ணில் நிற்பவருக்கும் வந்தேறி நிற்பவருக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு.

அந்த ஏற்றத்தாழ்வை வீட்டுக்குள்ளேயே பாருங்கள். துணைவர் தம் மொழியில், தம் உறவுகளுக்கு நடுவே, தம் தொழிலோடு வாழ்கிறார். குடிபெயர்ந்தவரின் பட்டம் அங்கே செல்லாது. மொழி புதிது. வங்கிக் கணக்கு துணைவர் பெயரில். வதிவிட அனுமதியும் துணைவரின் தயவில். ஜேர்மனியில், தாம்பத்தியம் முறிந்த பின்னரும் சுயமான வதிவிட உரிமை பெறுவதற்குப் பொதுவான விதி, அந்நாட்டில் மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது. கொடுமை நேர்ந்தால் விலக்கு உண்டு. பிள்ளை அந்நாட்டுப் பிரஜை என்றால் வேறு வழியும் உண்டு. ஆனால் அந்த வழிகளை, மொழி தெரியாத ஒருவருக்கு யார் எடுத்துச் சொல்வது? பிரித்தானியாவில் துணைவர் விசாவில் இருப்பவருக்கு அரச நிதி உதவிகள் கிடையா. போக முடியாது, ஏனெனில் பிள்ளை. இருக்கவும் முடியாது, ஏனெனில் விசா, வருமானம், வாடகை. இந்த இரண்டு கற்களுக்கும் இடையே அரைபடும் மனிதரைச் சட்டப் புத்தகத்தின் எந்தப் பக்கமும் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை.

'இதெல்லாம் வெள்ளைக்காரர் விவகாரம், எங்களுக்கு என்ன?' என்று கேட்கும் தமிழ் வாசகர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1983 இற்குப் பின்னர் ஈழத்தமிழர் சிதறிச் சென்று குடியேறிய நாடுகளில் இன்று அவர்களின் பிள்ளைகள் நோர்வேஜியரையும் பிரெஞ்சுக்காரரையும் சுவிஸ்காரரையும் மணக்கின்றனர். அது அவர்களின் உரிமை. வாழ்த்துவோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து கனடா மாப்பிள்ளைக்குக் கழுத்து நீட்டும் பெண்ணும் இதே படகில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை பேசுவது அழகான யாழ்ப்பாணத் தமிழாக இருக்கலாம். ஊர் கோண்டாவிலாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அவர் வேற்று நாட்டுப் பிரஜை. அங்கே பிறக்கும் பிள்ளையின் வழமையான வதிவிடம் அந்த நாடு. முடிந்தது விடயம்.

இன்னும் ஒன்று. லண்டனில் வாழும் இரண்டு தமிழ்த் தாய்மாரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பிள்ளையோடு யாழ்ப்பாணத்திற்குத் திரும்புகிறார். மற்றவர் பிள்ளையோடு திருச்சிக்குத் திரும்புகிறார். இடையில் இருப்பது பாக்கு நீரிணை மட்டுமே. ஆனால் சட்டம் முற்றிலும் வேறு. இலங்கை 2001 இல் சமவாயத்தில் இணைந்து, அதே ஆண்டில் 10 ஆம் இலக்கச் சட்டத்தையும் நிறைவேற்றியது. அந்த இணைவைப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் ஏற்றுக்கொண்டுள்ளன. எனவே லண்டனில் இருக்கும் தந்தை நமது நீதி அமைச்சின் ஊடாகக் கோரிக்கை விடுத்து, கொழும்பில் வழக்கை நடத்திப் பிள்ளையைத் திருப்பி எடுக்க முடியும். இந்தியா சமவாயத்தில் இணையவில்லை. அங்கே இந்திய நீதிமன்றமே பிள்ளையின் நலனை ஆராய்கிறது. 2015 இல் இந்திய உச்ச நீதிமன்றம், இங்கிலாந்தில் இருந்து தமிழ்நாட்டிற்குத் திரும்பிய ஒரு தாயின் இரு பெண் பிள்ளைகளை அந்நாட்டு நீதிமன்றத்தின் விசாரணைக்குத் திரும்புமாறு பணித்தது. 2017 இல் அதே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவைவிடப் பிள்ளையின் நலனே முதன்மையானது என்று கூறி, முன்னைய தீர்ப்பின் அணுகுமுறையைக் கைவிட்டது. இத்தனை பெரிய வித்தியாசத்தை, யாழ்ப்பாணத்திற்கோ திருச்சிக்கோ பயணச்சீட்டு வாங்கும் தாய் அறிந்திருப்பாரா? பத்துப் பொருத்தம் பார்க்கத் தெரிந்த நமது சமூகத்திற்கு இந்தப் பதினோராவது பொருத்தத்தைப் பார்க்கத் தோன்றியதுண்டா?

'நல்ல காரியம் நடக்கும்போது பிரிவைப் பற்றிப் பேசலாமா, அபசகுனம் அல்லவா?' என்று கேட்கும் பெரியவர்களை நான் நன்கு அறிவேன். ஆயுட்காப்புறுதி எடுப்பது அபசகுனம் இல்லை. வீடு வாங்கும்போது உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுவது அபசகுனம் இல்லை. ஒரு பரப்புக் காணிக்குக் காட்டும் கவனத்தைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டுவது மட்டும் எப்படி அபசகுனமாகும்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதுதான் நமது வழக்கமா?

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன். துணைவரின் நாட்டுக்குப் பிள்ளையோடு போவது தவறு என்பது என் வாதமன்று. எத்தனையோ குடும்பங்கள் அவ்விதம் சென்று சிறப்பாக வாழ்கின்றன. போகுமுன் உண்மையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதே என் வாதம்.

பயணம் தற்காலிகமானது என்றால் அதை எழுத்தில் வைக்க வேண்டும். எவ்வளவு காலம், எப்போது மீளாய்வு, பிரிவு நேர்ந்தால் பிள்ளை எங்கே என்பதெல்லாம் இரு நாட்டுச் சட்டத்தரணிகளின் ஆலோசனையோடு எழுதப்பட வேண்டும். பல நாடுகளில் அந்த ஆவணம் நீதிமன்றத்தை முற்றாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் சூழ்நிலை முழுவதையும் பார்க்கும் நீதிபதியின் முன்னால் அது பேசும். வெறும் வாய்ச்சொல் பேசாது. ஊரிலுள்ள வேலையை விடாமல் நீண்ட விடுமுறை எடுப்பது, வீட்டை விற்காமல் வைத்திருப்பது, திரும்புவதற்கான பயணச்சீட்டை வைத்திருப்பது எல்லாமே சாட்சிகள்.

பிள்ளைக்கு இரு நாட்டுப் பிரஜாவுரிமையையும் உரிய காலத்தில் பெற்றுவைக்க வேண்டும். 2003 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின்னர், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைத் தாயின் வழியாகவும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கும். ஆனால் ஓராண்டுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அதே வேளை கடவுச்சீட்டு இருந்தால் பிள்ளையைக் கொண்டுவந்துவிடலாம் என்ற மயக்கமும் வேண்டாம். நீதிமன்றம் பார்ப்பது பிள்ளை வாழ்ந்த இடத்தை.

மணவாழ்வு கசந்துவிட்டால் முதலில் விமான நிலையத்திற்கு ஓடாமல் சட்டத்தரணியிடம் செல்ல வேண்டும். பிள்ளையோடு சொந்த நாடு திரும்ப அனுமதி தருமாறு அந்நாட்டு நீதிமன்றத்தையே கேட்கலாம். இங்கிலாந்தில் 2001 இல் நியூசிலாந்துத் தாய் ஒருவர் அவ்விதம் அனுமதி பெற்று மகளோடு திரும்பிய வழக்குப் பிரசித்தமானது. அனுமதி கிடைப்பது இலகுவன்று. ஆனால் அதே இங்கிலாந்தில் அனுமதியின்றிப் பிள்ளையைக் கொண்டுசெல்வது 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றம். விடுமுறைக்குத் தந்த சம்மதம் குடியேறுவதற்குத் தந்த சம்மதம் ஆகாது. அடி விழுந்தால் பொலிஸாரிடமும் வைத்தியரிடமும் பதிவு இருக்க வேண்டும். 'மானம் போய்விடும்' என்று மறைத்த அடியை நீதிமன்றம் அடியாகவே கருதாது.

தனிமனிதருக்குச் சொல்லும் புத்திமதியோடு நிறுத்திக்கொண்டால் அது அரசுகளைத் தப்பவிடுவதாகும். பிலிப்பைன்ஸ் நாட்டில், வெளிநாட்டவரை மணந்து குடிபெயர்வோர் புறப்படும் முன்னர் அரச ஆணைக்குழு நடத்தும் வழிகாட்டல் அமர்வில் கலந்துகொண்டு சான்றிதழ் பெற வேண்டும். நமது நாட்டில் 1985 முதல் ஒரு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்கு செல்பவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பத் தெரிந்த அரசுக்கு, தாயாகச் செல்பவருக்கு ஒரு துண்டுப் பிரசுரமாவது தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்கத் தெரியாதா? சமவாயத்தில் கையெழுத்திட்டு, நமது பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் கடப்பாட்டை ஏற்றுக்கொண்ட அரசுக்கு, அந்தக் கடப்பாடு இருப்பதைத் தன் பிரஜைகளுக்கு அறிவிக்கும் கடப்பாடு இல்லையா? நமது தூதரகங்கள் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கும் கருமபீடங்களாக மட்டும் இருந்தால் போதுமா?

மேற்கு நாடுகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு. திருப்பி அனுப்பக் கோருபவருக்குக் கொடுக்கும் அதே சட்ட உதவியை எதிர்த்தரப்பில் நிற்பவருக்கும் கொடுங்கள். பிள்ளையைத் திருப்பி அழைக்கும் நாடு, பிள்ளையோடு வரும் தாய்க்கோ தந்தைக்கோ விசாவும் தங்குமிடமும் உத்தரவாதம் செய்யட்டும். பிள்ளையை அழைத்து, அதை வளர்த்தவரை வாசலில் நிறுத்தும் நாடு பிள்ளையின் நலனைப் பற்றிப் பேசத் தகுதியற்றது. தாய் மீது விழும் அடி பிள்ளை மீதும் விழும் அடிதான் என்பதைச் சட்டத்தில் எழுதுங்கள்.

புலம்பெயர் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கலைவிழாக்களும் ஊர்ச்சங்க ஒன்றுகூடல்களும் நடத்துகிறீர்கள். அவற்றுள் ஒரு மாலைப்பொழுதையாவது குடும்பச் சட்டம் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள். அந்த ஒரு மாலை, ஒரு பிள்ளையின் 207 நாட்களை மிச்சப்படுத்தக் கூடும்.

பெற்றோருக்கு நான் சொல்வது இவ்வளவே. உங்கள் மகளோ மகனோ பிள்ளையோடு துணைவரின் நாட்டுக்குப் புறப்படும்போது தாராளமாக வாழ்த்தி அனுப்புங்கள். ஆனால் 'சரிவராவிட்டால் வந்துவிடு' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'சரிவராவிட்டால் எப்படி வருவது என்பதை எழுதி வைத்துவிட்டுப் போ' என்று சொல்லுங்கள்.